தோற்க வேண்டிய பிடி

சென்ற மாதம் இப்பத்தியில் சதுரங்கம் பற்றி எழுதி முடிக்கையில், அடுத்துக் கடுதாசி விளையாட்டைப் பற்றியும் எழுதுவோம் என்று கைதவறி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டோம். பத்திரிகை வெளியான அன்றிரவே தாயார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்ரர், பள்ளிக்கூடத்திலை பிள்ளையளிட்டை இருந்த காட்ஸைப் பறிச்சுக் கிழிச்ச நீங்களோ இப்ப பேப்பரிலை சூது பழக்கப் போறியள்?" என்று கேட்டார். கிழித்தது உண்மை. ஆசிரியப் பணியில் ஒரு கட்டல்ல, பல கட்டுகள் கிழித்திருப்போம். அப்பாவத்திற்கான பிராயச்சித்தமாகவே இக்கட்டுரையை அத்தாயார் கொள்ளவேண்டுமென விநயமாகக் கேட்டுக்கொள்கின்றோம்.

பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நாம் எழுதப்போவதில்லை. பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தைப் பற்றியே எழுதப்போகின்றோம். அதிலும் சிறப்பாக, எமக்கும் எமது நண்பர் ஒருவருக்கும் இடையில் ஐந்து வாரங்கள் பேச்சுவார்த்தை அற்றுப்போகக் காரணமாயிருந்த ஒரு பிடியைப் பற்றி.

நண்பர் ஊரில் தபாலதிபராக இருந்தவர். அவரை அப்படியே தபாலதிபர் என்று குறிப்பிடுவோம். எமது வாசிகசாலையின் பின்விறாந்தையில் 304 ஆடுவதில் அவரை வென்றவர் எவருமிலர் என்று பெயர். செத்தவீடுகளில் இரவு விழித்திருக்க நேரும்போது அவரைத் தம் சோடியாகச் சேர்த்துக்கொள்ளப் பலர் போட்டியிடுவர். புலம்பெயர்ந்து இலண்டனுக்கு வந்து, விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த நீண்ட மாதங்களிலும் ஆறு பேர் தங்கியிருந்த ஓர் அறையில் அவருக்குக் கைகொடுத்தது அந்த 304 தான். நாம் அவரது சோடியானதும் அங்கேதான்.

304 எப்படிப்பட்டது என்பதை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. 32 சீட்டுகள், நால்வர், ஆளுக்கு எட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. கேள்வி கேட்டுத் துரும்பை மறைத்து வைப்பர். நால்வரும் ஒவ்வொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்குரியவர் அந்நான்கையும் எடுப்பது ஒரு பிடி. யாக்கிற்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனங்களையும் கூட்டினால் 304. கிளாவர் என்று நாம் சொல்லும் சொல்கூட ஒல்லாந்தர் எம்மிடம் விட்டுச்சென்றதுதான். அவர்களின் கோட்டைகளிலும் பார்க்க அவர்களின் கடுதாசிச் சொற்கள் பழுதுபடாமல் நின்றிருக்கின்றன.

பிரிட்ஜும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அங்கும் நால்வர், இரு சோடி, கேள்வி, துரும்பு, வெட்டு. ஆனால் 52 சீட்டுகளும் உண்டு. ஆளுக்கு 13 சீட்டுகள், மொத்தம் 13 பிடிகள். சீட்டுக்குப் புள்ளியில்லை, பிடியின் எண்ணிக்கையே கணக்கு. கேள்வி வென்றவரின் சோடி தன் சீட்டுகள் அனைத்தையும் மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருப்பார். அவரை டம்மி என்பர். துரும்பும் மறைவில்லை. ஆசு, ராசா, ராணி, யாக், பத்து என்று இறங்குவரிசை. இவ்வரிசைதான் தபாலதிபரை முதலில் வதைத்தது. யாக்கையும் ஒன்பதையும் தெய்வமாக எண்ணிப் பழகிய கை அது. முதல் நாள் ஒரு ஒன்பதைக் கடைசிவரை பொத்திவைத்திருந்து மேசையில் ஓங்கி அடித்தார். எதிரிலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் மரியாதையுடன் ஒரு பத்தைப் போட்டு அதை எடுத்துக்கொண்டார்.

இந்த ஆட்டத்தின் இன்றைய வடிவத்தை வகுத்தவர் ஹரோல்ட் வான்டர்பில்ட் என்னும் அமெரிக்கச் செல்வந்தர். 1925ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாக ஹவானா சென்ற கப்பலில், பொழுதுபோகாத நேரத்தில் புதிய புள்ளிமுறையை நண்பர்களுடன் ஆடிப்பார்த்தார். சில ஆண்டுகளுக்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஆடினார். அவருக்கு நேரெதிர் அரசியலைச் சேர்ந்த சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கும் முதுமையில் விடாது ஆடினார். முதுமை என்றவுடன் ஒன்று. 2018ல் ஜக்கார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் இணையர் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுக்கொடுத்த பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, அவரது சோடி சிப்நாத் சர்க்காருக்கு 56. எம்மைப்போன்றவர்கள் பதக்கம் வாங்கக்கூடிய விளையாட்டு இவ்வுலகில் ஒன்றேனும் உள்ளதென அறிந்து நாம் மிக மகிழ்ந்தோம்.

எமது பகுதி நூலகத்தின் மேல்மாடியில் புதன்கிழமை பிற்பகல்களில் ஆட்டம் நடைபெறும். தேநீரும் இரண்டு பிஸ்கற்றும் தருவார்கள். ஆங்கிலம் அதிகம் தேவையில்லை என்பதே எம்மை அங்கு முதலில் இழுத்தது. கேள்விக்கு வேண்டியவை ஏழு எண்களும், நான்கு இனங்களின் பெயர்களும், இன்னும் நான்கைந்து சொற்களுமே. பல ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தும் அயலவருடன் காலநிலையைத் தவிர வேறெதுவும் பேசியறியாத தபாலதிபர், அங்கே ஒரு பிற்பகல் முழுவதும் அவர்களுடன் சரிக்குச் சரியாக இருந்து பேசிக்கொண்டிருந்தார், அதாவது கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு வழக்கமுண்டு. 304ல் கட்டைக் கலைத்துப் போட்டால் வந்தது வந்ததுதான். தோற்றவர் "கை வாய்க்கேல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பலாம். அந்த மண்டபத்தில் அப்படிச் சொல்ல இயலாது. நான்கு பைகள் கொண்ட ஒரு சிறு பலகையில் நால்வரின் சீட்டுகளும் அப்படியே செருகப்பட்டு அடுத்த மேசைக்குப் போகும். எல்லா மேசைகளிலும் அதே சீட்டுகள், அதே திசைகள். முடிவில் யார் அதே கையைக்கொண்டு எத்தனை பிடி பிடித்தார் என்று ஒப்பிடுவர். பிரிட்ஜுக்குத் தாயான விஸ்ட் ஆட்டத்தில் 1857ல் இலண்டனிலேயே இம்முறையைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். விதியின்மேல் பழிபோடும் வசதியை இது ஒழித்துவிட்டது. தபாலதிபருக்கும் எமக்கும் வந்த வினையும் இதனால்தான்.

அன்று தபாலதிபர் தெற்கு, நாம் வடக்கு. சீட்டுகளை அப்படியே தருகின்றோம். வீட்டில் கட்டிருந்தால் எடுத்து மேசையில் விரித்துக்கொண்டு வாசிப்பது நன்று.

வடக்கு (டம்மி): இஸ்பேட் யாக், 8, 7, 5. ஆட்டின் 7, 6. டயமன் 5, 4, 3, 2. கிளாவர் ராசா, 4, 2.

தெற்கு: இஸ்பேட் ஆசு, ராசா, ராணி, 10, 9. ஆட்டின் ஆசு, ராசா, 5. டயமன் ஆசு, ராணி. கிளாவர் ஆசு, 6, 3.

மேற்கு: இஸ்பேட் 6, 2. ஆட்டின் ராணி, யாக், 10, 8. டயமன் ராசா, யாக், 9, 7. கிளாவர் ராணி, 8, 5.

கிழக்கு: இஸ்பேட் 4, 3. ஆட்டின் 9, 4, 3, 2. டயமன் 10, 8, 6. கிளாவர் யாக், 10, 9, 7.

தபாலதிபர் ஆறு இஸ்பேட் வரை கேட்டுவிட்டார். முதல் ஆறு பிடிகள் அடிப்படையாகக் கழிக்கப்படுவதால் ஆறு என்றால் பன்னிரண்டு. பதின்மூன்றில் ஒன்றுமட்டுமே தோற்கலாம். கிளாவரில் ஆசும் ராசாவும் போன பின் மூன்றாவது சுற்று நிச்சயமாகத் தோற்கும். ஆகவே டயமனில் தோற்கக்கூடாது. அங்கோ ஆசுக்கும் ராணிக்கும் நடுவில் ராசா வெளியே நிற்கின்றது.

மேற்கு ஆட்டின் ராணியை இறக்கினார். தபாலதிபர் ஆசால் எடுத்து, இரண்டு சுற்றில் எதிராளிகளின் துரும்பை ஒழித்தார். ஆட்டின் ராசாவை அடித்தார். மூன்றாவது ஆட்டினை டம்மியில் வெட்டினார். ஐந்து பிடிகள் ஆகிவிட்டன, இதுவரை குற்றமில்லை. டம்மியில் நின்றவாறே ஒரு சிறு டயமனை இறக்கிக் கையிலிருந்து ராணியைப் போட்டார். ராசா கிழக்கில் இருந்தால் ராணி வெல்லும், மேற்கில் இருந்தால் தோற்கும். பாதிக்குப் பாதி. மேற்கு ராசாவால் எடுத்தார். பின்னர் கிளாவரிலும் ஒன்று போயிற்று. பதினொரு பிடிகள், கேள்வி விழுந்தது.

"கை வாய்க்கேல்லை மாஸ்ரர்" என்றார் தபாலதிபர். நாமும் தலையாட்டினோம்.

முடிவு வாசிக்கப்பட்டபோது, எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் அதே சீட்டுகளில் பன்னிரண்டு பிடிகள் பிடித்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற தாதி. கை நடுங்கும் காரணத்தால் சீட்டுகளை ஒரு மரத்தாங்கியில் செருகிவைத்தே ஆடுவார். எப்படியென்று கேட்டோம். அவர் தாளில் எழுதிக் காட்டினார்.

ஐந்து பிடிகள் வரை அவர் ஆடியதும் அதேபோன்றுதான். அதன்பின் டயமனைத் தொடவேயில்லை. கிளாவர் ராசா, கிளாவர் ஆசு என்று இரண்டையும் அடித்துவிட்டு, தோற்குமென்று எல்லோருக்கும் தெரிந்த மூன்றாவது கிளாவரைத் தாமாகவே இறக்கினார். மேற்கு ராணியால் எடுத்தார். எடுத்தவர் கையில் எஞ்சியவை ஐந்து சீட்டுகள்: ஓர் ஆட்டின், நான்கு டயமன். டயமனை இறக்கினால் அது நேரே ஆசு ராணியின் வாய்க்குள் வருகின்றது. ராசா எங்கிருந்தாலும் இனி அது பிடிக்காது. ஆட்டினை இறக்கினாலோ, இரு கைகளிலும் ஆட்டின் இல்லை, இரு கைகளிலும் துரும்பு உண்டு. டம்மியில் வெட்டிக்கொண்டு தம் கையிலிருந்து டயமன் ராணியைக் கழித்துவிடுவார். இரண்டு கதவிலும் இடி.

வாசகர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். அம்மையாருக்கு டயமன் ராசா மேற்கில் இருப்பது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மூன்றாவது கிளாவரை மேற்கு எடுத்தால், ராசா எந்தப் பக்கமிருந்தாலும் வெற்றி. கிழக்கு எடுத்தால், கிழக்கு டயமன் இறக்க வேண்டிவரும், அப்போது தபாலதிபர் நம்பிய அதே பாதி வாய்ப்பு அப்படியே இருக்கின்றது. அதாவது, எப்படியும் தோற்கவேண்டிய பிடியை முதலில் தோற்பதால் இழப்பு ஏதுமில்லை, இலாபம் மட்டும் உண்டு. தபாலதிபரும் அதே கிளாவரைத் தோற்றார். ஆனால் அதைக் கடைசியில் தோற்றார், அப்போது அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

அம்மையார் கிளாவரை முன்னரே ஒழித்ததும், ஆட்டினை வெட்டி ஒழித்ததும் இதற்கான ஆயத்தங்கள். எதிராளி பத்திரமாகத் திருப்பி இறக்கக்கூடிய சீட்டு ஒன்றும் மிஞ்சாமல் வாசல்களைச் சாத்திவிட்டு, அதன்பின் பிடியைக் கையில் கொடுக்கவேண்டும். ஒரு வாசல் திறந்திருந்தாலும் இவ்வித்தை பலியாது. மூன்றாவது ஆட்டினை வெட்டாமல் வைத்திருந்தால் மேற்கு அதையே இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

வீடு திரும்பும்போது நாம் ஒரு பிழை செய்தோம். ஆசிரியராயிருந்தவருக்குத் திருத்தாமல் இருக்க இயலாது என்பது ஒரு நோய். பேருந்தில், எம்மவர் இருவர் கேட்டுக்கொண்டிருக்க, "அந்தக் கிளாவரை முதலிலை குடுத்திருக்கலாம் தபாலதிபர்" என்றோம்.

அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்: "பிடியைத் தானாய்க் குடுக்கிற பழக்கம் எனக்கில்லை மாஸ்ரர். அப்பிடி விளையாட வேண்டுமெண்டால் வேறை சோடி பாருங்கோ."

அடுத்த புதன் அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. தொலைபேசியில் அவரது துணைவியார், அவருக்குத் தடிமன் என்றார். ஐந்து வாரத் தடிமன்.

சோடியில்லாமல் நின்ற எம்மை அம்மையார் தம்முடன் சேர்த்துக்கொண்டார். அந்த வாரங்களில் அவரிடம் கற்றவற்றுள் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதை இங்கே ஸ்குவீஸ் என்கின்றார்கள், அதாவது நெருக்குதல். முன்னையதில் எதிராளியின் கையில் பிடியைக் கொடுத்து அவரை இறக்கவைத்தோம். இதில் பிடியைக் கொடுப்பதேயில்லை. அவர் கையிலிருந்து ஒரு சீட்டை எறியவைக்கின்றோம். அவ்வளவே.

மூன்று சீட்டுகள் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். தெற்கில் இஸ்பேட் 9, ஆட்டின் 4, டயமன் 5. டம்மியில் ஆட்டின் ஆசு, யாக், டயமன் ராசா. மேற்கில் ஆட்டின் ராசா, ராணி, டயமன் ஆசு. கிழக்கிடம் பயனுள்ளது எதுவுமில்லை. வெளியில் இஸ்பேட் வேறில்லை. எண்ணிப்பார்த்தால் தெற்குக்கு இரண்டு பிடிகளே, இஸ்பேட் 9ம் ஆட்டின் ஆசும். மூன்றாவது எங்கிருந்து வரும்?

தெற்கு இஸ்பேட் 9ஐ இறக்குகின்றார். மேற்கு ஒன்றை எறிந்தாகவேண்டும். டயமன் ஆசை எறிந்தால் டம்மியின் ராசா வெல்லும் சீட்டாகிவிடும், ஆகவே டம்மி ஆட்டின் யாக்கைக் கழிக்கும். ஆட்டின் ராணியை எறிந்தால் டம்மி டயமன் ராசாவைக் கழிக்கும். பின்னர் ஆட்டின் ஆசின் கீழ் மேற்கின் ராசா விழ, யாக் வெல்லும். எப்படிப் பார்த்தாலும் மூன்று. மேற்கின் கையில் இருந்த மூன்றும் நல்ல சீட்டுகள். அவற்றுள் வேண்டாத ஒன்று இல்லாமற் போனதே அவருக்கு வந்த இடர்.

அந்த வேண்டாத சீட்டுத்தான் இங்கு முக்கியம். மேற்கிடம் நான்காவதாக ஒரு கிளாவர் இரண்டு கிடந்திருந்தால் அதை எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். ஆகவே நெருக்குதலுக்கு முன்பே தோற்கவேண்டியவற்றைத் தோற்றுவிட்டு, ஒன்றைத்தவிர மற்றெல்லாப் பிடிகளும் தமக்கே என்ற நிலையை உண்டாக்கிக்கொள்ளவேண்டும். இதைக் கணக்கைச் சரிசெய்தல் என்பர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராயிருந்த கிளைட் லவ் என்பவர் 1959ல் நெருக்குதலைப் பற்றி மட்டுமே ஒரு முழுநூல் வெளியிட்டார். அம்மையாரிடம் அதன் பழைய பிரதி, அட்டை கிழிந்தபடி இருக்கின்றது. இதைவிட விந்தையான ஒன்றை விஸ்ட் காலத்திலேயே வியன்னா நகரத்து ஆட்டக்காரர் செய்து காட்டினாராம். தன் ஆசை முன்கூட்டியே அடித்துத் தீர்த்து, எதிராளியின் ராணியை வெல்லும் சீட்டாக்கிவிடுவது, பிறகு அவர் அந்த ராணியையே எறியும்படி நெருக்குவது. இன்றும் அதற்கு வியன்னா என்ற பெயர்தான்.

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டவுடன் எமது வாழ்வோடு பொருத்திப் பார்த்துக் கண்ணீர் விடுவது எம்மவர் பத்திரிகைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. கடுதாசி கடுதாசிதான்.

இதையெல்லாம் செய்ய எவ்வளவு ஞாபகசக்தி வேண்டுமென்று சிலர் அஞ்சுவர். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுத் தொகுதிகள் 63 ஆயிரத்து 501 கோடிக்கும் மேல் என்பது உண்மையே. 2022ல் பாரிஸ் நகரில் நூக் என்னும் கணினி எட்டு உலக வாகையர்களை வென்றது, ஆயினும் கேள்வி கேட்கும் பகுதியை விலக்கிச் சீட்டு ஆடும் பகுதியில் மட்டுமே போட்டி நடந்தது. எமக்கு அவ்வளவு வேண்டாம். அம்மையார் 52 சீட்டுகளையும் நினைவில் வைப்பதில்லை. அவர் நினைவில் வைப்பது ஒரு கையின் நான்கு எண்களை. நான்கும் கூட்டினால் 13 வரவேண்டும். மேற்கு இரண்டு இஸ்பேட், நான்கு ஆட்டின், மூன்று கிளாவர் காட்டினால் டயமன் நான்கு, அதைப் பார்க்கவேண்டியதில்லை. நாம் சரித்திரம் கற்பித்தவர்கள், கணக்கில் பின்தங்கியவர்கள். எம்மாலேயே இரண்டு மாதத்தில் முடிந்தது.

ஐந்தாம் வாரம் இரவு பதினொரு மணியளவில் தொலைபேசி ஒலித்தது. அகால வேளையில் மணி ஒலித்தால் எமது வீடுகளில் எல்லோருக்கும் நெஞ்சு பதைக்கும். தபாலதிபர். சுகம் விசாரிக்கவில்லை.

"மாஸ்ரர், மேற்கு கிளாவர் ராணியை ஏன் வைச்சிருந்தவர்?"

எமக்கு முதலில் புரியவில்லை.

"அந்தக் கிழவி கிளாவர் ராசாவை அடிக்கேக்கை, மேற்கு அஞ்சைப் போடாமல் ராணியை எறிஞ்சிருந்தால்? மூண்டாம் கிளாவரைக் கிழக்கு யாக்காலை எடுக்கும். எடுத்துப்போட்டு டயமன் இறக்கும். ஆசு ராணிக்குப் பின்னாலை மேற்கின்ரை ராசா நிக்கும். கேள்வி விழுந்திருக்குமே!"

நாம் எழுந்து சென்று கட்டை எடுத்து மேசையில் விரித்தோம். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஐந்து வாரங்கள் தடிமனோடு அவர் அந்த ஒரு கையையே திருப்பித் திருப்பி விரித்துப் பார்த்திருக்கின்றார். அம்மையாரின் தாளிலும் அது இருக்கவில்லை. மேற்கில் ஆடியவர் தம் ராணியைக் காப்பாற்றினார், அந்த ராணியே அவரைச் சிறைப்படுத்தியது.

ஆயினும் அதை எறிவது எளிதன்று. ராணியை எறிகின்றவர் தம் சோடியிடம் யாக் இருக்குமென்று நம்பவேண்டும். இல்லாவிட்டால் ராணியும் போய்ப் பிடியும் போய், ஊர் சிரிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில் சதுரங்கத்திலும் விஸ்டிலும் பெயர்பெற்ற டெஷப்பெல் என்பவர், போரில் வலக்கையை இழந்தவர், சோடியின் கைக்கு வழி திறப்பதற்காகத் தம் பெரிய சீட்டைத் தெரிந்தே பலிகொடுப்பாராம். அப்படி ஆடுவதற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. வலக்கை இல்லாதவர் சீட்டை எப்படிப் பிடித்தார் என்பது எமக்கு வெகுநாளாக உள்ள ஓர் ஐயம். மரத்தாங்கி வைத்திருந்திருப்பார் போலும்.

மறு புதன் தபாலதிபர் வந்தார். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் கொண்டுவந்தார். நாம் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் மேற்கில் இருந்தார், நாம் கிழக்கில். அம்மையார் தெற்கில் நான்கு ஆட்டின் கேட்டிருந்தார். சீட்டுகள் வேறு, ஆனால் நடுக்கட்டம் தாண்டியதும் எமக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. துரும்பு போய்விட்டது, டயமன் இரு பக்கமும் ஒழிந்துவிட்டது, டம்மியில் இரண்டு சிறு இஸ்பேட் கிடக்கின்றன, அம்மையாரின் கையில் ஆசும் ராணியும் இருக்கவேண்டும். அவர் தம் நடுங்கும் விரலால் டம்மியின் கிளாவர் ராசாவைத் தொட்டார். நாம் ஒரு சிறு கிளாவரைப் போட்டோம். அம்மையாரும் சிறியதைப் போட்டார். தபாலதிபர் தம் சீட்டுகளைப் பார்க்கவேயில்லை. எம்மையும் பார்க்கவில்லை. ஊரில் ஒன்பதை ஓங்கி அடித்த அதே கை, ஓசையேதுமின்றிக் கிளாவர் ராணியை ராசாவின் கீழ் வைத்தது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டு அந்த ராணியைப் பார்த்தார். பின்னர் ஆசை அடித்தார், மூன்றாவது கிளாவரை இறக்கினார். வேறு வழி அவருக்கும் இல்லை. எம்மிடம் யாக் இருந்தது. எடுத்து இஸ்பேட் இறக்கினோம். கேள்வி ஒரு பிடியால் விழுந்தது.

பேருந்தில் வெகுநேரம் மௌனம். இறங்கவேண்டிய தரிப்பிடத்திற்கு முன் தபாலதிபர் கேட்டார்:

"யாக் உங்களிட்டை இல்லாட்டில் என்ன செய்திருப்பியள் மாஸ்ரர்?"

"இருந்ததுதானே" என்றோம்.

இனி, வீட்டில் கட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. மேலே நெருக்குதலுக்குக் காட்டிய மூன்று சீட்டு நிலையில், மேற்கிடமிருந்த ஆட்டின் ராசா, ராணி, டயமன் ஆசு ஆகிய மூன்றையும் எடுத்துக் கிழக்கின் கையில் கொடுங்கள். தெற்கும் டம்மியும் முன்போலவே இருக்கட்டும். தெற்கு இஸ்பேட் 9ஐ இறக்கினால் இம்முறை மூன்று பிடிகள் கிடைக்குமா? கிடைக்காதெனில் ஏன்? நால்வரும் சீட்டுப் போடும் ஒழுங்கைக் கவனித்தால் விடை தெரிந்துவிடும். விடை அடுத்த வாரம்.